சிக்னல் பாறை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி ஜாஸ்தி. போன மாசம் கொல்லிமலைக்கு ஒரு வேலையா போயிட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதிட்டாலாவது கொஞ்சம் அடங்குமான்னு பாக்கறேன். நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். 2008க்குப் போவோம்.

அப்ப நான் பாத்துட்டிருந்த வேலை, செல்போன் டவர் வெக்க இடம் பாக்கறது. கம்பெனி ஆள்கூட இல்ல, கம்பெனிக்கு காண்ட்ராக்ட் எடுத்தவர்கிட்ட சம்பளத்துக்கு இருந்தேன். ஒரு டிவிஎஸ் வண்டி, ஒரு ஜிபிஎஸ் பொட்டி, ஒரு திசைகாட்டி, ஒரு பைனாகுலர், அப்புறம் சிக்னலோட அளவை நம்பரா காட்டற ஒரு போன். சாதாரண போன்ல அஞ்சு கோடு தெரியுமே, அதுக்குப் பதிலா இதுல மைனஸ் எழுபது, மைனஸ் தொண்ணூறுன்னு வரும். மைனஸ் நூறைத் தாண்டிடுச்சுன்னா பேச்சு அறுந்து அறுந்து கேக்கும். அதையும் தாண்டினா ஒண்ணுமில்ல. ஊர் ஊரா போயி இந்த நம்பரைக் குறிச்சு, வீடு எத்தனை, கடை எத்தனை, கரண்ட் கம்பி எவ்வளவு தூரத்துல போகுது, லாரி ஏறுமான்னு எழுதி, கடைசி கட்டத்துல டவர் வெக்கலாமா வேண்டாமான்னு ஒரு வரி எழுதி கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்துக்குப் பெருசா மரியாதை ஒண்ணும் கெடையாது. ஆனா அது இல்லாம ஃபைல் நகராது.

கொல்லிமலை தெரியும்தானே? நாமக்கல் மாவட்டம். காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிச்சா மேல போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி விழா, பலாப்பழம், அன்னாசி. டூரிஸ்டா போறவங்களுக்கு இவ்ளோதான். ஆனா மேல போயி சுத்திப் பாத்தா அது ஒரே மலையா இருக்காது. போர்வையைக் கசக்கிப் போட்ட மாதிரி மேடும் பள்ளமுமா விரிஞ்சு கெடக்கும். ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் ஒரு ஊர்.

செம்மேட்டுல அப்பவே டவர் இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு, ஒன்றிய ஆபீஸ் எல்லாம் அங்கதானே. எனக்குக் குடுத்த லிஸ்ட்டுல இருந்தது அங்கிருந்து பஸ், அப்புறம் ஜீப் தடம், அப்புறம் ஒரு மணி நேர நடைன்னு போற ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். 61 வீடு. நானே எண்ணினது.

ஊருக்குள்ள நுழையும்போதே போன் செத்துப்போச்சு. நம்பரே வரலை. பசங்க நாலஞ்சு பேர் பின்னாடியே வந்தானுங்க. "சார், பாறைக்கு வாங்க, அங்க கெடைக்கும்"னு இழுத்துட்டுப் போனானுங்க. ஊருக்கு மேல இருபத்தஞ்சு நிமிஷ ஏத்தம். வரப்பு மாதிரி நீண்டு போற மலை முகட்டுல ஒரு மொட்டைப் பாறை. ஊர்ல அதுக்கு ஏற்கெனவே பேரும் வெச்சாச்சு, சிக்னல் பாறை. பாறை முழுக்கவும் கெடைக்காது. தெக்கு மூலையில ஒரு முழம் இடம். அங்க நின்னு, கீழ சமவெளியைப் பாத்த மாதிரி தலையைச் சாய்ச்சா மைனஸ் 98.

அது செம்மேட்டு டவர் சிக்னல் இல்ல, கீழ சமவெளியில எங்கயோ இருக்கற டவரோடது. இதைக் கொஞ்சம் சொல்லிடறேன். செல்போன் அலை பெரும்பாலும் டார்ச் வெளிச்சம் மாதிரிதான். நடுவுல மலை வந்தா அந்தப் பக்கம் இருட்டு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், 1800 அவ்வளவா வளையாது, 3ஜிக்கு வந்த 2100 இன்னும் பிடிவாதம். ஜி.எஸ்.எம். கணக்குப்படி ஒரு டவர் 35 கிலோமீட்டர் வரைக்கும் பேசலாம். ஆனா செம்மேட்டுக்கும் இந்த ஊருக்கும் நடுவுல இருந்த முகடு அந்தக் கணக்கையெல்லாம் படிச்சதில்ல :-) கீழ இருக்கற டவர்ல ஆண்டெனாவை தரையைப் பாத்துக் கொஞ்சம் சாய்ச்சு மாட்டுவாங்க, ஊர்ல இருக்கறவங்களுக்குக் கெடைக்கணும்னு. மேல சிதறி வர்ற மிச்சம்தான் பாறைக்கு.

எறங்கி வரும்போது மத்தியானம் ஆயிடுச்சு. ஊர்ல முதல் வீட்டுக்காரர் கூப்பிட்டு உக்கார வெச்சார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காபி, மரவள்ளி போட்டிருந்தார். அந்தக்கா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாங்க. சாமைச் சோறு அன்னிக்குத்தான் முதல்தடவை சாப்பிடறேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு பையன், எட்டு வயசு, என் ஜிபிஎஸ் பொட்டியை விடவே மாட்டேங்கறான்.

கை கழுவும்போது அண்ணன் கேட்டார். "ஏனுங்க தம்பி, டவரு வந்துருமுங்களா?"

நான் என்ன பதில் சொன்னேங்கறதுக்கு முன்னாடி, என் ஃபைல்ல என்ன எழுதினேன்னு சொல்லிடறேன். வீடு 61. கடை 1. மூணு ஃபேஸ் கரண்ட் இல்ல. லாரி ஏறாது. ஜெனரேட்டர் வெச்சா மணிக்கு ரெண்டு லிட்டர் கிட்ட டீசல் குடிக்கும், அதை 70 வளைவு ஏத்தி, அதுக்கு மேல தலைச்சுமையா கொண்டுபோகணும். பக்கத்து டவரை நேரா பாக்க முடியாததால நடுவுல இன்னொரு கம்பம் வேணும், அது காப்புக்காட்டுல வரும், வனத்துறை அனுமதி வேணும். கடைசி கட்டத்துல, இங்கிலீஷ்ல, "நாட் ஃபீசிபிள்". கீழ என் கையெழுத்து. சாப்பிடறதுக்கு முன்னாடியே பாறையில உக்காந்து எழுதிட்டேன்.

அண்ணன்கிட்ட சொன்னது: "வந்துரும்ணே. ஆறு மாசத்துல வந்துரும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சோறு போட்டவங்க மூஞ்சியைப் பாத்து வராதுன்னு சொல்ல வாய் வரலை. அவ்ளோதான். வேற காரணமே கெடையாது.

நிற்க.

நான் எழுதினது பொய்யில்ல. கம்பெனி பண்ணினதும் சட்ட மீறல் இல்ல. இது எனக்கு அப்பத் தெரியாது. பல வருசம் கழிச்சு, வேலையை விட்ட அப்புறம், என்னதான் இந்த லைசென்ஸுல எழுதியிருக்குன்னு உக்காந்து படிச்சேன். படிச்சப்புறம் ரெண்டு நாள் சரியா தூக்கம் இல்ல.

நம்ம நாட்டுல செல்போன் லைசென்ஸ் வட்டம் வட்டமா குடுத்தாங்க. தமிழ்நாடு ஒரு வட்டம், சென்னை 2005 வரைக்கும் தனி. வட்டத்துக்கு லைசென்ஸ் வாங்கினா கன்னியாகுமரி கடலோரத்துல இருந்து கொல்லிமலை முகடு வரைக்கும் அந்த அலைவரிசை உங்களோடது. வேற யாரும் அதைத் தொடக்கூடாது. சரி, பதிலுக்கு நீங்க என்ன செய்யணும்? 2001ல குடுத்த லைசென்ஸைப் பாருங்க. முதல் வருசத்துல பத்து சதவீத மாவட்டத் தலைநகரங்கள்ல சேவை குடுக்கணும், மூணு வருசத்துல அம்பது சதவீதம். தலைநகருக்குப் பதிலா அந்த மாவட்டத்துல வேற ஒரு டவுனைக் காட்டினாலும் சரி. ஒரு ஊரை 'கவர்' பண்ணியாச்சுன்னா என்ன அர்த்தம்? நகராட்சி எல்லைக்குள்ள 90 சதவீதப் பரப்புல சிக்னல் இருக்கணும். அவ்ளோதான். நாமக்கல் டவுன்ல கெடைச்சா நாமக்கல் மாவட்டத்துக்கு டிக் அடிச்சாச்சு. பாதி மாவட்டங்களுக்கு அந்த டிக்கும் கட்டாயமில்ல.

பின்னாடி வந்த ஏலங்கள்ல ஒன்றியத் தலைநகரங்களையும் கணக்குல சேத்தாங்க. நல்ல விஷயம்னு நெனச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, கொல்லிமலையே ஒரு ஒன்றியம், அதுக்குத் தலைநகர் செம்மேடு. செம்மேட்டுல டவர் எப்பவோ வந்தாச்சு. ஆக காகிதத்துல கொல்லிமலை மொத்தமும் கவர் ஆயிடுச்சு. அந்த 61 வீடு எந்தக் கட்டத்துலயும் விழவே இல்ல. விட்டுப்போச்சுன்னு சொல்லக்கூட ஒரு பட்டியல்ல பேரு இருந்திருக்கணுமே.

இன்னொண்ணு இதைவிட அழகு. 2ஜி காலத்துல கூடுதல் அலைக்கற்றை வேணும்னா சந்தாதாரர் எண்ணிக்கையைக் காட்டணும். எவ்வளவு பேர் சேர்றாங்களோ அவ்வளவு மெகாஹெர்ட்ஸ். கம்பெனி மூளை எப்படி வேலை செய்யும்? திருப்பூர்ல ஒரு டவர் வெச்சா ஆயிரக்கணக்குல சிம் போகும், அதை வெச்சு இன்னும் அலைக்கற்றை வாங்கலாம். என் 61 வீட்டுக்கு டவர் வெச்சா என்ன வரும்? விதியே டவுனைப் பாத்து ஓடுன்னு தள்ளிவிட்டுச்சு. ஓடினவனைக் குத்தம் சொல்லி என்ன பண்ண.

அப்புறம் வந்துச்சு பாருங்க, ஸ்பெக்ட்ரம் புயல். நம்ம ஊர் டீக்கடை பூரா ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடின்னு பேசின காலம். 2012 பிப்ரவரி 2ந்தேதி உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸை ரத்து பண்ணிச்சு. 2017 டிசம்பர்ல விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவங்களை விடுவிச்சுது. அந்த அரசியலுக்குள்ள நான் போகலை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்தப் பல வருசத்துல நாடே பேசினது என்ன விலைக்கு வித்தாங்கன்னு. வாங்கினவன் அதை எங்க கொண்டுபோய்ச் சேக்கணும்னு எந்தக் கண்டிஷன்ல வித்தாங்கன்னு டிவியில ஒருத்தர் சத்தம் போட்டு நான் பாத்ததில்ல. நானும்தான் பேசலை. நானும் அந்தக் கோடிக்கு எத்தனை சைபர்னு எண்ணிட்டுத்தான் இருந்தேன்.

2010 ஏலத்துல 3ஜிக்கும் அகண்ட அலைவரிசைக்கும் சேத்து ஒரு லட்சத்து ஆறாயிரம் கோடி வந்துச்சு. கஜானாவுக்கு சந்தோஷம். அவ்ளோ காசு குடுத்து வாங்கினவன் அதைத் திருப்பி எடுக்க முதல்ல எங்க போவான்? திரும்பவும் டவுனுக்குத்தான்.

700 மெகாஹெர்ட்ஸ் கதை தெரியுமா? மலைக்கும் கிராமத்துக்கும் ரொம்பத் தோதான அலைவரிசை அது. ரொம்ப தூரம் போகும், கொஞ்சம் வளைஞ்சும் குடுக்கும், அதனால டவர் கம்மியா போதும். 2016ல ஏலம் விட்டாங்க. நாடு முழுக்க ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அடிப்படை விலை 11,485 கோடி ரூபா. ஒரு கம்பெனிகூட கை தூக்கலை. 2021ல 6,568 கோடிக்கு எறக்கினாங்க. அப்பவும் யாரும் வரலை. 2022ல 3,927 கோடிக்கு வந்தப்பதான் ஒரே ஒரு கம்பெனி 22 வட்டத்துக்கும் எடுத்துச்சு. ஆறு வருசம். நெல்லு மூட்டையா இருந்தா குடோன்ல வெச்சு அடுத்த வருசம் விக்கலாம். அலையை அப்படி சேத்து வெக்க முடியாது. அந்த ஆறு வருசமும் அது பாட்டுக்கு வீணா போச்சு, வந்திருக்க வேண்டிய காசும் வரலை.

இதுக்கெல்லாம்னே ஒரு நிதி இருக்கேன்னு சிலர் கேப்பீங்க. இருக்கு. ஒவ்வொரு கம்பெனியும் தன் வருமானத்துல அஞ்சு சதவீதம் கிராம சேவைக்குன்னு கட்டணும், 2002 ஏப்ரல்ல இருந்து கணக்கு. 2023 சட்டத்துல அதுக்கு டிஜிட்டல் பாரத் நிதின்னு பேர் மாத்தினாங்க. 2007ல அந்தப் பணத்துல ஏழாயிரத்துச் சொச்சம் டவருக்கு திட்டம் போட்டாங்க. நல்ல திட்டம், நானே அதுல சில இடம் பாத்திருக்கேன். ஆனா அதுக்கும் ஒரு கணக்கு. சிக்னல் இல்லாத ஊராவோ ஊர்க்கூட்டமாவோ சேத்து ரெண்டாயிரம் பேர் இருக்கணும். சமவெளியில பக்கத்துப் பக்கத்து நாலு ஊரைக் கோத்தா ரெண்டாயிரம் வந்துரும். கொல்லிமலையில ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல பள்ளத்தாக்கு. ஒரு டவரை வெச்சு எப்படிக் கோக்கறது? வசூலான பணத்துல பெரும்பங்கு பல வருசம் செலவாகாமலே கெடந்துச்சுன்னு தணிக்கை அறிக்கையே சொல்லுச்சு.

சரி, வேற நாட்டுலயும் மலை இருக்கே, அங்க என்னதான் பண்ணினாங்கன்னு தேடிப் பாத்தேன். ஜெர்மனிக்காரன் 2010ல 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டப்ப ஒரு கண்டிஷன் போட்டான். முதல்ல அஞ்சாயிரம் பேருக்குக் கீழ இருக்கற, இணைப்பே இல்லாத ஊர்கள். அந்த மாநிலத்துல அந்த வகை ஊர்கள்ல இருக்கறவங்கள்ல 90 சதவீதம் பேருக்குக் குடுத்துட்டு, அப்புறம் அடுத்த அளவு ஊர். பெரிய நகரம் கடைசி. படிச்சதும் எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்தேன். அதே அலை, அதே டவர், அதே மாதிரி லாபம் பாக்கற கம்பெனிதான். வரிசையைத் தலைகீழா எழுதினான், அவ்ளோதானே!

மெக்சிகோவுல ஓஹாக்கான்னு ஒரு மலை மாநிலம். தலேயா தெ காஸ்த்ரோன்னு சுமார் 2500 பேர் இருக்கற ஊரு. பெரிய கம்பெனி எதுவும் வரலை. 2013ல ஊர்க்காரங்களே, ரிசோமாட்டிகாங்கற அமைப்போட உதவியில, மலிவான கருவியும் இலவச மென்பொருளும் வெச்சு சொந்தமா ஒரு செல்போன் வலையமைப்பு ஆரம்பிச்சுட்டாங்க. அரசாங்கம் கேஸ் போடலை. 2016ல பழங்குடி சமூகங்களோட அமைப்புக்கு முறையா லைசென்ஸே குடுத்துச்சு. இங்கிலாந்துல 2019ல இருந்து, ஒரு கம்பெனி தன் அலைக்கற்றையை ஒரு இடத்துல உபயோகிக்கலைன்னா, அந்த இடத்துக்கு மட்டும் வேற ஒருத்தர் 950 பவுண்ட் கட்டி மூணு வருசத்துக்குக் கேக்கலாம். நம்ம 2023 சட்டத்துலயும், காரணமில்லாம சும்மா கெடக்கற அலைக்கற்றையை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கலாம்னு ஒரு பிரிவு இருக்கு. இருக்குன்னு சொல்றேன், அவ்ளோதான்.

போன மாசத்துக்கு வர்றேன்.

இப்ப என் பொழப்பே வேற. தெரிஞ்ச ஒருத்தருக்கு மிளகு வாங்கித் தர்ற வேலையா மலைக்குப் போனேன். சோளக்காட்டுல வேலை சீக்கிரம் முடிஞ்சுது. பதினேழு வருசம் ஆச்சே, அந்த ஊரைப் பாத்துட்டு வருவோமேன்னு தோணுச்சு. ஜீப் தடம் இப்ப சிமெண்ட் ரோடு. அதுக்கப்புறம் நடைதான், ஆனா பாதி தூரம் போதும். போன் அதே எடத்துல செத்துச்சு.

முதல் வீட்டுத் திண்ணையில அண்ணன் உக்காந்திருந்தார். எனக்கு அவரைத் தெரிஞ்சுது, அவருக்கு என்னைத் தெரியலை. "டவரு சர்வேக்கு வந்தவன்ணே, இங்கதான் சாமைச் சோறு சாப்ட்டேன்"னதும் மூஞ்சி மலந்துச்சு. எந்திரிக்கப் பாத்தார், முடியலை. சுவத்தைப் புடிச்சு, ஒரு பக்கமா சாய்ஞ்சு எந்திரிச்சார்.

2011 ஜனவரி, மிளகு பறிக்கிற சமயம். சில்வர் ஓக் மரத்துலதான் கொடி ஏத்தியிருப்பாங்க, நெட்டுக்குத்தலா போகும். ஒத்தை மூங்கில் ஏணி. பனியில ஏணி வழுக்கிருச்சு. இடுப்பு எலும்பு. அவருக்கு நெனவு இருக்கு, ஆனா அசைய முடியலை. ஜிபிஎஸ் பொட்டியோட வெளையாண்டானே அந்தப் பையன், அப்ப பதினோரு வயசு, போனை எடுத்துக்கிட்டு பாறைக்கு ஓடியிருக்கான். மூடுபனி. தெக்கு மூலையில நின்னு 108 அடிச்சிருக்கான். கெடைச்சுது. மாவட்டம் சொல்லி, கொல்லிமலைன்னு சொல்லி, ஊர் பேர் சொல்றதுக்குள்ள கட். மறுபடி. மறுபடியும் அதே எடத்துல கட். அஞ்சாவது தடவைக்கப்புறம் பாறையை விட்டு எறங்கி ரோட்டுக்கே ஓடிட்டான். இங்க ஊர்க்காரங்க போர்வையை மூங்கில்ல கட்டி அவரைப் படுக்க வெச்சுத் தூக்கிட்டாங்க. விழுந்தது காலையில எட்டு மணிக்கு. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது மதியம் ஒரு மணி. அப்புறம் 70 வளைவு.

"உசுரு நின்னுச்சு தம்பி, அது போதும்"னார். மரம் ஏற முடியாதவர் மிளகுத் தோட்டத்தை வெச்சு என்ன பண்ணுவார்? குத்தகைக்கு விட்டுட்டார். பையன் எட்டாவதோட நின்னு திருப்பூருக்குப் போனவன், இன்னும் அங்கதான் இருக்கான்.

சொல்லிடணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன். "அண்ணே, டவர் வேண்டாம்னு அன்னிக்கு எழுதினதே நான்தான். எழுதிட்டு வந்துதான் உங்ககிட்ட வரும்னு சொன்னேன்."

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. உள்ள இருந்து அந்தக்கா எட்டிப் பாத்தாங்க. அப்புறம் சொன்னார்.

"எழுதினது பரவால்லைங்க. நீங்க எழுதாட்டி வேற யாராச்சும் எழுதியிருப்பாங்க. அந்த வருசமே லைன்மேன் ஒருத்தரு வந்தாரு. கீழூர்க் கடையில கம்பத்து மேல ஆண்டெனா கட்டி ஒரு டபிள்யூ.எல்.எல். போனு வெச்சிருந்தாங்க. அதே மாதிரி நம்மூருக்கும் மேட்டுல ஒசரமா கம்பம் நட்டா எடுக்கும், ஊர்ல சேந்து பணம் கட்டி எழுதிக் குடுங்கன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். செல்லு டவரே ஆறு மாசத்துல வருது, சர்வேக்காரத் தம்பி நம்ம வீட்டுல சாப்புட்டுச் சொல்லிட்டுப் போயிருக்குன்னு நான்தான் ஊர்ல சொன்னேன்."

கோவமா சொல்லலை. அதான் பிரச்சனை. மழை எப்ப பேஞ்சுதுன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. பேச்சை மாத்தி அவரேதான் பாறைக்குப் போய்ப் பாத்துட்டு வாங்கன்னார். போனேன். பாறையில இப்ப தார்ப்பாய் கட்டியிருக்கு, நாலு குச்சி நட்டு. 2020 ஊரடங்குல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அங்கதான் வரிசையா உக்காந்து பாடம் கேட்டிருக்காங்க. வெயிலுக்குன்னு அப்பக் கட்டினது. தெக்கு மூலையில ஒரு ஆணி அடிச்சு, அதுல பிளாஸ்டிக் கவர் தொங்குது. போனை அதுல போட்டுட்டுக் கீழ உக்காந்தா மெசேஜ் வந்து விழுமாம். கேஸ் புக் பண்ண ஓடிபி, பேங்க் ஓடிபி எல்லாம் அந்தக் கவர்லதான். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியில இருந்து வருகையை போன் ஆப்ல ஏத்தணும்னு கட்டாயமாக்கினாங்க இல்ல? அப்ப வேலை நடக்கறது கீழ ஓடையில, போட்டோவை எடுத்து வெச்சுக்கிட்டு அந்தம்மா சாயந்தரம் பாறையேறித்தான் அனுப்புவாங்களாம்.

பாறையில இருந்து பாத்தா எதிர்ச்சரிவுல புதுசா ஒரு டவர் தெரிஞ்சுது. நெசமாவே டவர். மத்திய அரசு 2022 ஜூலையில சிக்னலே இல்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி குடுக்க 26,316 கோடி ஒதுக்கினது ஞாபகம் வந்துச்சு. இது அந்தத் திட்டத்துல வந்ததா வேற எதுலயாவது வந்ததான்னு போர்டு எதுவும் இல்ல. பழைய பழக்கம், பைனாகுலர் இல்லாட்டியும் கண்ணு தேடுது. ஆண்டெனா மாட்டியாச்சு. நுண்ணலைத் தட்டு ஒண்ணு செம்மேட்டுப் பக்கம் திரும்பி இருக்கு. கரண்ட் இழுத்த மாதிரி தெரியலை. சோலார் பலகைக்கு சட்டம் மட்டும் நிக்குது, பலகை இல்ல. ஊர்ல கேட்டா ஏழெட்டு மாசமா இப்படியேதான் நிக்குதுங்கறாங்க.

எறங்கி வந்தப்ப அந்தக்கா காபி வெச்சிருந்தாங்க. சொந்தத் தோட்டத்துக் காபி, வெல்லம் போட்டு. குடிச்சிட்டு கெளம்பும்போது அண்ணன் எதிர்ச்சரிவைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார்.

"எப்பங்க தம்பி வரும்?"

"தெரியலண்ணே"ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டார். என் நம்பரை ஒரு காலண்டர் தாள்ல எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல யாரையாச்சும் கேட்டுச் சொல்றேன், விண்ணப்பம் எழுதணும்னா நான் எழுதித் தர்றேன்னேன். ஞாயித்துக்கிழமை தம்பி மகன் பாறைக்குப் போவான், அவன்கிட்டச் சொல்லிக் கூப்பிடச் சொல்றேன்னார்.

மூணு ஞாயித்துக்கிழமை போயிடுச்சு. போன் வரலை. நான் கூப்பிட்டா 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ங்குது. விண்ணப்பத்தை நானே எழுதி வெச்சுட்டேன். ஊர்க்காரங்க கையெழுத்து வேணும், அடுத்த வாரம் திரும்பவும் மேல போறேன்.

பி.கு: பாறை, தார்ப்பாய், அந்த ஆணி எல்லாத்தையும் போட்டோ எடுத்திருக்கேன். போட்டா ஊர் எதுன்னு தெரிஞ்சுடும், அதான் போடலை. சாமைச் சோறு பத்தித் தனியா ஒண்ணு எழுதணும்.